வளையல் பெட்டியை எப்போது மூடுவது

இண்டூர்,
தை மாதம்.

மாரண்டஹள்ளிக் கடைவீதியில் வளையல் வியாபாரம் செய்துவரும் என் அருமைக் குமாரன் சிரஞ்சீவி வேணுகோபாலனுக்கு உன் தாயார் மிகுந்த மதிப்புடனும் ஆசீர்வாதத்துடனும் எழுதிக்கொள்வது. இவ்விடம் யாவரும் சுகம் என்று எழுதுவது முறை. முழங்கால் வலியைத் தள்ளிவிட்டால் அது உண்மையும்கூட. உன் கடிதம் என் கைக்கு வந்து இன்றோடு பதினெட்டு நாட்கள் ஆகின்றன. இத்தனை நாள் பதில் எழுதாமல் இருந்தது என் பிழை. அதை நீ பொறுத்துக்கொள்ள வேண்டும். தபால் தாமதம் என்று சாக்குச் சொல்லலாம். யுத்தத்தால் காகிதம் கிடைக்கவில்லை என்றும் சொல்லலாம். அவை இரண்டும் காரணம் அல்ல. மூன்று முறை எழுத உட்கார்ந்து, மூன்று முறையும் இரண்டாம் பக்கம் வந்ததும் கிழித்து அடுப்பில் போட்டுவிட்டேன். நீ கேட்டதற்கு உண்மையான பதிலை எழுதினால், என்னைப் பற்றி நீ இத்தனை வருஷமாக வைத்திருக்கும் நல்லெண்ணம் குறைந்துபோகுமே என்ற தயக்கம்தான் காரணம். அந்தத் தயக்கத்தையும் இப்போது அடுப்பில் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

உன் கடிதத்தை நான் பல முறை படித்தேன். நான்கு பக்கமும் அந்த மண்டிக்காரரின் மனைவியைப் பற்றியே எழுதியிருக்கிறாய். சந்தை நாள் தவறாமல் வந்து கடையிலிருக்கும் சரம் முழுவதையும் அவிழ்க்கச் சொல்வதும், போட்டுக்கொண்டு போன வளையலை அடுத்த வாரம் துண்டாகக் கொண்டுவந்து மாற்றிக் கேட்பதும், நாலு பேர் நடுவில் உன்னை, "பொம்பளைங்க கையப் புடிச்சுப் பொழைக்கறவன்தானே நீ" என்று சிரிப்பதும் எனக்குக் கண்முன் நிற்கின்றன. அந்த அம்மாள் எழுந்து போனால் மண்டித் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கூடவே போய்விடுவார்கள் என்கிறாய். அதுவும் உண்மையாகவே இருக்கலாம். வருகிற மாசி முதல் வாரத்தில் அவர்கள் பெண்ணுக்கு ஏழாம் மாதத்து வளையல் போட நீ போக வேண்டும்; அதை முடித்துக் கொடுத்துவிட்டுக் கடையையே மூடிப் பெங்களூரில் ஏதேனும் தொழிற்சாலை வேலைக்குப் போகப்போவதாக எழுதியிருக்கிறாய். "அம்மா, நீங்கள் ஊர் ஊராகப் போன காலத்தில் ஒருவரையும் ஒரு சொல் திருப்பிச் சொன்னதில்லையே, அந்தப் பொறுமை எப்படி வந்தது?" என்று கேட்டிருக்கிறாய். இதற்கெல்லாம் அன்றைக்கே பதில் எழுதியிருப்பேன். நான்காம் பக்கத்தின் ஓரத்தில், இடம் போதாமல் குறுக்கே ஒரு வரி எழுதியிருக்கிறாயே, அதுதான் என் கையைக் கட்டிப்போட்டது. "பெண்ணுக்குப் பெரிய கை. ஆனால் அந்த அம்மாள் இரண்டேகால் அங்குல அளவுதான் வேண்டும் என்கிறாள். எண்ணெய் தடவி எப்படியாவது ஏற்றிவிட்டு இந்தத் தொல்லையைத் தொலைத்துவிடுகிறேன்." நீ நான்கு பக்கம் அவமானத்தை எழுதினாய். எனக்கு அந்த ஒரு வரிதான் கடிதம்.

உனக்குப் பொறுமையைக் கற்றுக்கொடுத்தவள் நான் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாய். அந்தப் பொறுமை எங்கிருந்து வந்து எங்கே போய் முடிந்தது என்பதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். உன் தந்தையார் வண்டியிலிருந்து விழுந்து இடுப்பு முறிந்து படுத்தபோது உனக்கு நான்கு வயது. அவர் தோளில் சுமந்த மலாரத்தை, அதாவது கயிற்றில் கோத்த அந்த வளையல் கட்டை, மறுவாரமே நான் என் தோளில் போட்டுக்கொண்டேன். வேறு வழி இருக்கவில்லை. பேசுவது வீட்டில் தெலுங்கு, வெளியில் தமிழ். எழுத்து இரண்டிலும் தெரியாது. மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் பார்சலில் வரும் வளையல்களைப் பழைய பத்திரிகைத் தாள்களில் சுற்றியிருப்பார்கள். அந்தத் தாள்களை ஒவ்வொன்றாக நீவி விரித்து, ஸ்டேஷன் பலகையில் உள்ள எழுத்துகளோடு ஒப்பிட்டு, ரயில் வரும் வரையில் மணலில் எழுதிப் பார்த்துத்தான் நான் படித்தேன். எனக்கு அ எழுதிக் காட்டியவர் ஒருவரும் இல்லை. இதைப் பெருமைக்காகவே சொல்கிறேன், மறைப்பானேன்? இந்தப் பெருமைதான் பின்னால் ஒரு பெண்ணின் கையில் போய் விடிந்தது என்பதால் இதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

வத்தல்மலைச் சரிவில், நம் ஊரிலிருந்து நடந்து போகும் தூரத்தில், பெருமாயி அம்மாள் என்று ஒருவர் இருந்தார். அந்தச் சிற்றூரில் நிலம் அதிகம் உள்ள குடும்பம். அந்த அம்மாள் வாங்கினால் ஊர் வாங்கும். அந்த அம்மாள் முகத்தைத் திருப்பினால் நான் ஒரு வளையல்கூட விற்காமல் திரும்ப வேண்டியதுதான். முதல் நாளே என்னை வெயிலில் உட்காரவைத்துவிட்டு, "ஏம்மா வளையக்காரி, ஆம்பளைய வூட்டுல படுக்க வெச்சுட்டு ஊரு சுத்த வந்துட்டியா?" என்றார். "சுத்தலீங்கம்மா. இதான் என் வேலை. கையக் குடுங்க" என்றேன். "இந்தா, இது பச்சையா? குட்டைப் பாசியாட்டம் இருக்குது, தூக்கி அந்தால வை. அந்தச் செவப்ப எடு. அது வேண்டாம், பழையபடி பச்சையவே எடு." வளையல் விரல் முட்டியைத் தாண்டும் சமயத்தில் வேண்டுமென்றே கையை இறுக்கி மூடிக்கொள்வார். வளையல் பட்டென்று போகும். முட்டியைத் தாண்டுவதற்குள் உடைவது வளையல்காரர் பாடு என்பது நம் தொழிலில் வழக்கம் அல்லவா? அன்றைக்கு ஏழு வளையல்கள் அப்படிப் போயின. சுற்றி நின்ற பெண்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்கள்.

நான் கோபப்படவில்லை. எட்டாவது வளையலை எடுக்கும்போது அந்தக் கையைப் பார்த்தேன். உள்ளங்கை முழுவதும் வெடித்து, வெடிப்பில் இரத்தம் காய்ந்திருந்தது. "இந்தக் கையி ஏங்கம்மா இப்பிடி வெடிச்சுக் கெடக்குது?" என்று கேட்டேன். "கேவுரு அறுத்தா வெடிக்காம, பூவா பூக்கும்?" என்றார். நான் பெட்டியிலிருந்த விளக்கெண்ணெயை எடுத்து அந்த வெடிப்புகளில் மெல்லத் தடவினேன். அந்த அம்மாள் கையை இழுத்துக்கொள்ளப் பார்த்து, இழுக்காமல் இருந்துவிட்டார். பிறகு நான் போடப் போட ஒரு வளையல்கூட உடையவில்லை. கிளம்பும்போது, "அடுத்த வாரம் வர்றப்ப அந்த எண்ணெயையும் எடுத்தாந்துரு" என்றார். அவ்வளவுதான். அவர் வாயிலிருந்து வரக்கூடிய நன்றி அது. அன்றிலிருந்து அந்த ஊரில் எனக்கு வாசல் திறந்தது. கடுமையாகப் பேசும் வாடிக்கைக்காரர் முன்னால் முதலில் அவர் கையைப் பார், வாயைப் பார்க்காதே என்று உனக்கு நான் சொல்லிக்கொடுத்தது அன்று கற்றது. அது இன்றும் சரியான பாடம் என்றே நினைக்கிறேன். மண்டிக்கார அம்மாளின் கையையும் நீ ஒரு முறை நன்றாகப் பார்த்திருக்கிறாயா? பார்த்ததாக நீ எழுதவில்லை.

ஆனால் அந்த வெற்றி என் தலைக்கு ஏறிவிட்டது. பெருமாயி அம்மாளையே மடக்கியவள் நான், என் பொறுமைக்கு மடங்காதவர் இந்த உலகத்தில் கிடையாது என்று எண்ணத் தொடங்கினேன். அவர் எதைச் சொன்னாலும் தலையசைப்பதுதான் அன்பு என்று என்னை நானே நம்பவைத்துக்கொண்டேன். ஐந்தாறு வருஷம் இப்படியே போயிற்று. அவருடைய ஒரே பெண் கண்ணம்மாள். அந்தப் பெண்ணைப் பாலக்கோட்டுப் பக்கம் கட்டிக்கொடுத்து, ஏழாம் மாதத்து வளையலுக்கு அழைத்து வந்திருந்தார்கள். நான்தான் போட வேண்டும் என்று பெருமாயி அம்மாள் ஆள் அனுப்பினார். நான் எத்தனை பூரித்துப்போய் நடந்தேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. சம்பந்தி வீட்டுப் பெண்கள் பத்துப் பன்னிரண்டு பேர் பாயில் உட்கார்ந்திருந்தார்கள். வேப்பங்காப்பு முதலில் போட்டாயிற்று. பெண்ணின் கையைப் பிடித்துப் பார்த்ததுமே எனக்குத் தெரிந்துவிட்டது. சிறு வயதிலிருந்து களை கொத்திய கை, எலும்பு அகலம், போதாததற்கு ஏழு மாதத்து நீர் வேறு லேசாகக் கோத்திருந்தது. இரண்டரைக்குக் குறைந்து போடவே கூடாது. நான் இரண்டரைச் சரத்தை அவிழ்க்கத் தொடங்கினேன்.

"ரெண்டரையா எடுக்கற? சபையில எம்மானத்த வாங்கப் பாக்கறியா? ரெண்டேகாலு எடு" என்றார் பெருமாயி அம்மாள். குரல் தாழ்ந்துதான் இருந்தது. எனக்குக் காரணமும் தெரியும். நிச்சயத்தின்போது அந்தச் சம்பந்தியம்மாள், "பொண்ணு கையி மம்முட்டி புடிச்ச கையாட்டம்ல இருக்குது" என்று எல்லோர் காதிலும் விழும்படி சொல்லியிருந்தார். அதற்குப் பதிலை இன்றைக்குக் கண்ணாடியால் சொல்லிவிட வேண்டும் என்பது தாயின் ஆத்திரம். அவர் கெட்டவர் அல்லர், வேணு. மகளுக்காகப் பட்ட அவமானத்தை மகளின் கையிலேயே தீர்க்கப் பார்த்தார், அவ்வளவுதான். நான், "ஏழு மாசங்கம்மா, கையி இன்னும் ஊதும். ரெண்டரை போட்டாத்தான் தாங்கும்" என்று ஒரே ஒரு முறை சொன்னேன். "நீ வளையக்காரியா, மருத்துவச்சியா?" என்றார். சபை முழுவதும் சிரித்தது. நானும் சேர்ந்து சிரித்தேன். அந்தச் சிரிப்பைத்தான் இத்தனை வருஷமாக நான் விழுங்கவும் முடியாமல் துப்பவும் முடியாமல் வைத்துக்கொண்டிருக்கிறேன்.

இரண்டேகால் சரத்தை எடுத்தேன். கட்டை விரலை உள்ளங்கைக்குள் மடித்து, முட்டிகளை ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து, எண்ணெய் விட்டு, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஏற்றினேன். வலக்கைக்குப் பதினொன்று, இடக்கைக்குப் பத்து. ஒன்றுகூட உடையவில்லை. "பாருங்கடி, ஒண்ணு ஒடையிலியே! இவ கையி என்ன வெண்ணெயா?" என்று பாலக்கோட்டுப் பெண்கள் வியந்தார்கள். பெருமாயி அம்மாள் அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டார். என் வாழ்நாளில் நான் செய்த வேலைகளிலேயே திறமையான வேலை அதுதான். கண்ணம்மாள் மட்டும் என் காதருகே குனிந்து, "அக்கா, இறுக்குதுங்க" என்றாள். "நாலு நாள்ல படிஞ்சிரும் கண்ணு" என்றேன். படியாது என்று எனக்குத் தெரியும்.

மூன்று வாரம் கழித்து அந்தப் பக்கம் போனேன். கண்ணம்மாள் மாட்டுக்கொட்டகைத் தூணில் சாய்ந்து, வலக்கையைத் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கீழ எறக்குனா குத்துதுங்கக்கா" என்றாள். கை இரண்டு பங்காக ஊதியிருந்தது. வளையல்கள் சதைக்குள் போயிருந்தன. மேலே இருந்த நான்கைக் கண்ணால் காண முடியவில்லை. விரல் நுனிகள் கறுத்திருந்தன. என் பெட்டியில் குறடு இருந்தது. ஈரத்துணியை நாலு மடிப்பாகச் சுற்றி, குறட்டால் மெல்ல நெரித்தால் ஒரு கீறல் விழாமல் எடுத்துவிடலாம். உன் தந்தையார் எனக்கு முதன்முதலில் கற்றுக்கொடுத்த வித்தை அது. போடுவதற்கு முன்னால் எடுக்கக் கற்றுக்கொள் என்பார். நான் பெருமாயி அம்மாளிடம் போய்ச் சொன்னேன். "பெத்தெடுக்கறதுக்கு முந்தி எம்பொண்ணு கையி வளையல ஒடைக்கறதா? வாயக் கழுவுடி. நீ போட்ட வளையலுதானே, அன்னைக்கு நல்லா இருந்துச்சு, இன்னைக்கு ஆவாதா? இன்னொரு பேச்சுப் பேசுனா இந்த ஊருக்குள்ளயே நீ கால வெக்க முடியாது" என்றார். அவர் கண்ணிலும் பயம் இருந்தது. அந்தப் பயத்தை நான் பார்த்தேன். பார்த்தும், பெட்டியை மூடித் தோளில் மாட்டிக்கொண்டு எழுந்துவிட்டேன். கண்ணம்மாள் என்னைக் கூப்பிடவில்லை. கையைத் தூக்கியபடியே பார்த்துக்கொண்டிருந்தாள். அடுத்த ஊருக்குப் போய் அன்றைக்கு நிறைய வளையல் போட்டேன்.

விலக வேண்டிய நேரத்தில் விலகாமல், விலகக் கூடாத நேரத்தில் விலகினேன். சபையில், இரண்டேகால் என்று சொன்ன அந்தக் கணத்தில் பெட்டியை மூடியிருக்க வேண்டும். கொட்டகையில், அவர் என்னை அடித்துத் துரத்தினாலும் பெட்டியைத் திறந்திருக்க வேண்டும். நான் இரண்டையும் தலைகீழாகச் செய்தேன். இரண்டு முறையும் அதற்குப் பொறுமை என்று பெயர் வைத்துக்கொண்டேன்.

நான் போன நாலாம் நாள் கையில் நீலம் ஏறிவிட்டதென்று பக்கத்து வீட்டார் கூடி, அம்மிக் குழவியால் தட்டி அந்த வளையல்களை உடைத்திருக்கிறார்கள். துணி சுற்ற வேண்டும் என்று அவர்களுக்குத் தெரியவில்லை. கண்ணாடி ஆழமாக இறங்கிவிட்டது. புண் சீழ் வைத்து, ஆறி முடிய மாதக்கணக்கானது. குழந்தை நல்லபடியாகப் பிறந்தது. ஆனால் அந்த வலக்கையின் மூன்று விரல்கள் அதன் பிறகு மடங்கவே இல்லை. இதையெல்லாம் நான் நேரில் போய்க் கேட்கவில்லை. அவ்வூர்க்காரர் ஒருவர் சந்தையில் சொல்லக் கேட்டேன். உனக்கு ஒன்பது பத்து வயது இருக்கும் அப்போது. "ஏம்மா அந்த ஊருக்குப் போறதே இல்ல?" என்று நீ கேட்டாய். "அங்க நாய்த் தொல்லை ஜாஸ்தி" என்று சொன்னேன். நீயும் நம்பி, நாயை விரட்ட எனக்கு ஒரு கோல் வெட்டிக்கொண்டு வந்து கொடுத்தாய். அந்தக் கோலைப் பல வருஷம் கையில் வைத்துக்கொண்டு நடந்தேன். இப்போது சொல்கிறேன்: அந்த ஊரில் நாய் ஒன்றும் இல்லை.

அதற்குப் பின் ஐந்து வருஷம் இருக்கும். இண்டூர்ச் சந்தையில் மலாரத்தை விரித்து உட்கார்ந்திருந்தேன். கண்ணம்மாள் எதிரில் வந்து உட்கார்ந்தாள். கூட ஒரு பெண் குழந்தை. "நல்லா இருக்கறீங்களா அக்கா?" என்றாள். நான் ஏதோ உளறினேன். "அம்மா போயிட்டாங்க, போன ஆடியில" என்றாள். பிறகு இடக்கையை நீட்டினாள். "இந்தக் கையிக்கு மட்டும் போடுங்க. ரெண்டரை போடுங்க" என்றாள். குரலில் குத்தல் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சற்று நிம்மதியாக இருந்திருக்கும். போடும்போது இரண்டு உடைந்தன. "பரவால்லீங்கக்கா, மெதுவாப் போடுங்க" என்று அவள் எனக்குத் தைரியம் சொன்னாள். "எம்மேல கோவமில்லியா கண்ணு?" என்று கேட்டேன். "எங்கம்மாவுக்கு ஊரே பயப்படும். நீங்களும் பயந்தீங்க. ஆனா அன்னைக்குக் கொட்டாய்ல நீங்க பொட்டிய மூடுனீங்களே, அதாங்க்கா" என்றாள். அந்த வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. குழந்தையை இடது இடுப்பில் தூக்கி வைத்துக்கொண்டு எழுந்து போய்விட்டாள்.

இதற்குப் பிறகு நான் என்னைத் திருத்திக்கொண்டேன் என்று எழுதினால் கடிதம் அழகாக முடியும். முழுவதும் அப்படி இல்லை. பல இடங்களில் மீண்டும் தலையசைத்தேன். ஆனால் அளவு விஷயத்தில் மட்டும் ஒருபோதும் தலையசைக்கவில்லை. மொரப்பூரில் ஒரு ரயில்வே உத்தியோகஸ்தரின் மனைவி இருந்தார், உனக்கு நினைவிருக்கலாம். பூனை வளர்ப்பாரே, அவர். கையில் சதை அதிகம், இரண்டரைக்குக் கீழே போகாது. "போன வாரம் சேலத்துல ரெண்டேகாலு சும்மா வழுக்கிட்டுப் போச்சு, ஒனக்குத்தான் போடத் தெரியில" என்பார். முதல் முறை அளவைச் சொன்னேன். இரண்டாம் முறை குரலைத் தாழ்த்தி அவருக்கு மட்டும் கேட்கும்படி சொன்னேன். மூன்றாம் முறை அவர், "போடறதுன்னா போடு, இல்லாட்டி எந்திரி" என்றார். நான் அவிழ்த்த சரங்களை ஒவ்வொன்றாகக் கோத்து முடிந்தேன். அவசரப்படவில்லை. "உங்க கையிக்கு ஏத்த வளையலு எங்கிட்ட இல்லீங்கம்மா. சேலத்துல நல்லதாவே கெடைக்குது, நீங்களே சொல்றீங்க. அங்கயே போட்டுக்குங்க" என்றேன். தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்தேன். பூனையைத் தடவிக் கொடுத்தேன். வந்துவிட்டேன். அவர் மனம் மாறி என்னைத் திரும்ப அழைத்தார் என்று எதிர்பார்ப்பாய். அழைக்கவே இல்லை. ரயில்வே வீட்டு வரிசை முழுவதும் எனக்கு அதோடு போயிற்று. போனது போனதுதான். ஆனால் ரயிலுக்காக ஸ்டேஷனில் உட்கார்ந்திருந்தபோது என் கைகள் இரண்டும் என்னுடையவையாகவே இருந்தன. அப்படி இருந்து வெகுநாள் ஆகியிருந்தது.

இனி உன் விஷயத்துக்கு வருகிறேன். உன்னை அந்த அம்மாள் சொன்ன சொற்களுக்கு நீ பதில் சொல்லாமல் இருந்தது சரி. இனியும் சொல்ல வேண்டாம். அவரைப் பற்றி மற்ற வாடிக்கைக்காரரிடம் முணுமுணுக்கவும் வேண்டாம். உடைந்த வளையலை மாற்றிக் கேட்டால் உனக்குத் தாங்கும் வரையில் மாற்றிக்கொடு, தாங்காதபோது இல்லை என்று சிரித்த முகமாகச் சொல். இவையெல்லாம் உன் பாடு. நீ தாங்கலாம், தாங்காமலும் போகலாம், உன் இஷ்டம். ஆனால் இரண்டேகால் என்பது உன் பாடு அல்ல. அது பாயில் வாய் திறக்காமல் உட்காரப்போகிற ஒரு பெண்ணின் பாடு. வாடிக்கைக்காரர் உனக்கு முன்னால் நின்று பேசுகிறவர் மட்டும் அல்லர், யார் கை உன் கையில் இருக்கிறதோ அவரும்தான். எனக்கு இது தெரிவதற்கு ஒரு பெண்ணின் மூன்று விரல்கள் போக வேண்டியிருந்தது. உனக்கு இந்தத் தபாலோடு போகட்டும்.

கடையை மூடிப் பெங்களூர் போவதைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை. இந்தத் தொழில் இனி எத்தனை நாளைக்கு என்பது எனக்கும் தெரியவில்லை. யுத்தம் வந்த பிறகு நல்ல கண்ணாடி வருவதே அபூர்வமாகிவிட்டது. நான்கூட விலகிவிட்டவள்தானே? உன் தந்தையார் காலமான நாள் முதல் என் கையால் ஒருவரும் வளையல் போட்டுக்கொள்வதில்லை. அது ஊர் வழக்கம். நான் வாதாடவில்லை, வாதாடத் தெம்பும் இல்லை. அதனால்தான் கரியில் ஓடும் அந்தப் பஸ்ஸில் ஏறி நானே மாரண்டஹள்ளிக்கு வந்து அந்தப் பெண்ணுக்குப் போட்டுவிட முடியாமல் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். ஆனால் ஒன்றைப் பிரித்துப் பார். ஒரு வீட்டிலிருந்து விலகுவது வேறு. தொழிலிலிருந்து விலகுவது வேறு. அந்த அம்மாளிடம் இல்லை என்று சொல்லப் பயந்துகொண்டு, இல்லை என்று சொல்வதற்குப் பதிலாகப் பெங்களூருக்குப் போகிறாயோ என்று எனக்குச் சந்தேகம். தொழில் பிடிக்காமல் போகிறாய் என்றால் நிம்மதியாகப் போ. மூட்டை கட்டி வைக்கிறேன். பயந்துகொண்டு போகிறாய் என்றால், போகிற ஊரிலும் ஒரு மண்டிக்கார அம்மாள் இருப்பார்.

உன் தந்தையார் கடைசியாகப் பெங்களூரிலிருந்து வரவழைத்து, படுக்கையில் இருந்தபடி தம் கையாலேயே கோத்து வைத்த இரண்டரைச் சரங்கள் மூன்று என் பெட்டியில் இருக்கின்றன. நல்ல பச்சை. யுத்தத்துக்கு முந்திய கண்ணாடி. இப்போது தேடினாலும் கிடைக்காது. நான் அவற்றை விற்கவில்லை, பிரிக்கவும் இல்லை. அவற்றை அந்தப் பெண்ணுக்கென்று எடுத்து வைத்திருக்கிறேன். அந்த அம்மாளிடம் ஏழாம் மாதத்துக்கு முன்பாகவே, தனியாக, நாலு பேர் இல்லாத சமயத்தில் போய்ச் சொல். கண்ணம்மாளின் கதையை வேண்டுமானாலும் சொல். என் பெயரை மறைக்காதே. உன் அம்மாதான் அதைச் செய்தாள் என்று சொல். கேட்டால் நல்லது. கேட்காவிட்டால் சரங்களைக் கோத்து முடிந்து, தண்ணீர் கேட்டு வாங்கிக் குடித்து, எழுந்துவிடு. ஆனால் அந்தப் பெண் யார் கையால் போட்டுக்கொண்டாலும், ஒரு வாரம் கழித்து ஒரு முறை அந்த வீட்டுப் பக்கம் போய்ப் பார். குறடும் துணியும் பெட்டியில் இருக்கட்டும். என்ன திட்டினாலும் அன்றைக்குப் பெட்டியை மூடாதே.

இப்போது நீ எனக்குச் செய்ய வேண்டியது ஒன்றுதான். அந்தப் பெண் கடைக்கு வரும்போது, தாயிடம் கேட்காமல் பெண்ணிடமே கேட்டு, அவள் வலக்கைக் கட்டை விரலை உள்ளே மடிக்கச் சொல்லி, முட்டிகளைச் சுற்றி ஒரு நூலால் அளந்து, முடிச்சுப் போட்டு, அந்த நூலை அப்படியே உறைக்குள் வைத்து அனுப்பு. இரண்டரை போதாதென்றால் இன்னும் பெரிய சரம் தேட எனக்கு நாள் வேண்டும். நான் பதினெட்டு நாள் தாமதித்ததுபோல் நீயும் தாமதிக்காதே. இந்தக் கடிதம் கிடைத்ததும் பதில் எழுது.

உன் தாயார்.